கழனித்தண்ணி

இராமலெட்சுமி உளுந்து கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் அவர் பி.எச்.ஐ. மாத்தயா, சிங்களத்தில் ஐயா. அவர் தலை தெரிந்தாலே தோட்டத்துக்குள் பூச்சாடிகள் கவிழும், தேங்காய்ச் சிரட்டைகள் மறையும். டெங்கு நுளம்புக்காக வருகிறவர் என்றே அவரை அறிந்திருந்தார்கள். அன்றைக்கு அவர் சிரட்டையையும் பார்க்கவில்லை, பூச்சாடியையும் பார்க்கவில்லை. நேரே கீழ்க்கோடிக்கு நடந்து வந்து, அவள் வாசலில் வடிகால் கானுக்குள் விழுந்து ஓடிக்கொண்டிருந்த வெள்ளைத் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

தோட்டம் என்று சொன்னாலும் அங்கே மரம் செடி ஒன்றும் கிடையாது. நெருக்கியடித்துக் கட்டிய வீட்டு வரிசைகளுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். வீதியிலிருந்து உள்ளே இறங்கும் பாதை சரிவானது. அதன் நடுவே திறந்த கான் ஒன்று ஓடும். மேலே, வீதியோரத்தில், பழைய அரிசிக் கிட்டங்கி இருந்த இடத்தில், இப்போது மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியிருந்தது. கண்ணாடிப் பல்கனிகளும் கீழே கார் நிறுத்தும் இடமுமாக, கழுத்தை வளைத்துப் பார்க்கவேண்டிய உயரம். தோட்டத்தின் அடிக்கோடியில், கான் வளைந்து பெரிய வாய்க்காலில் சேரும் இடத்துக்கு முன்னால், கடைசி வீடு இராமலெட்சுமியுடையது.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதிலேயே வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்து, அந்த வீட்டு அடுப்படியில்தான் தோசைமாவின் பதம் அவள் கைக்கு வந்தது. கலியாணம் கட்டி கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகு ஒரு கிரைண்டரை வாங்கிப் போட்டாள். புருஷன் சுடலைமுத்து புறக்கோட்டையில் நாட்டாமி. லொறியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. அவனுடைய தோளும் அவளுடைய கிரைண்டரும் சேர்ந்துதான் மகள் துஷாந்தினியைப் படிக்கவைத்தன. மகள் இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள்.

இராமலெட்சுமியின் மாவுக்கு வெள்ளவத்தை வரைக்கும் பெயர் இருந்தது. விடியற்காலையில் வாளிகளை மூடி, துணி கட்டி, புஷ்பராஜின் ஆட்டோவில் ஏற்றினால், காலி வீதியில் தயாபரனின் சைவக்கடை திறக்கும் முன்னே மாவு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஊறிய உளுந்தை அவள் கழுவுவதைப் பார்க்கவேண்டும். பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீரை விட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பருப்பைத் தேய்த்துத் தேய்த்து, மிதக்கிற கறுப்புத் தோலைச் சரித்து ஊற்றுவாள். அரிசிக்குத் தனிக் கழுவல். முதல் கழுவலின் கொழுத்த தண்ணீரைப் பின்தெருவில் ஆடு வளர்க்கிற வீட்டுக்கு ஒரு வாளியில் எடுத்து வைப்பாள். மிச்சம் கானுக்குள் போகும். அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அந்தத் தண்ணீருக்குக் கழனித்தண்ணி என்று பெயர். மாட்டுக்கு வைப்பார்கள், மாடு இல்லாத வீட்டுக்காரி மாடு உள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதை யாரும் அழுக்கு என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

பி.எச்.ஐ. வந்துபோன சில நாட்களில் சிங்களத்தில் அழைப்பாணை வந்தது. வேலை விட்டு வந்த துஷாந்தினி அதை வாசித்தாள். மேல்மாடிக் குடியிருப்பாளர் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது. பொதுக் கானுக்குள் 'அபஜலய' விட்டு துர்நாற்றமும் சுகாதாரக் கேடும் உண்டாக்கிய குற்றத்துக்காக நீதிமன்றத்துக்கு வரவேண்டும்.

அபஜலய என்றால் என்ன என்று இராமலெட்சுமி கேட்டாள்.

"கழிவுநீரும்மா," என்றாள் மகள். "கக்கூஸ் தண்ணி, கான் தண்ணி... அந்த மாதிரி."

இராமலெட்சுமி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் சத்தம் போடுகிறவள் அல்ல அவள். அடுப்பை அணைத்துவிட்டு, வாசலில் போய் நின்று, மேலே அந்தக் கட்டடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன்னால் தோட்டத்துக் கானில் மழைத்தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும்தான் ஓடின. மாடிக்கு ஆட்கள் குடிவந்த பிறகு வந்த முதல் மழையிலேயே கான் பொங்கிக் கீழ்வீடுகளுக்குள் ஏறியது. ஏறிய தண்ணீரில் என்ன மிதந்தது என்று சொல்ல வாய் கூசும். அவள் அரிசி மூட்டைகளைக் கட்டிலின்மேல் ஏற்றிவைத்தாள். தரையை டெட்டோல் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு மறுபடியும் கழுவினாள். அடுத்த வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிற ஸமீமா, வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணிகளையெல்லாம் தலைக்குமேல் கொடிகட்டித் தொங்கவிட்டாள். மாநகர சபைக்குப் போய்ச் சொன்னார்கள். மேலே இருந்து வருவது மழைநீர், மழைநீருக்குத்தான் அந்தக் குழாய், கட்டடக்காரர் அனுமதி எடுத்திருக்கிறார் என்று பதில் வந்தது. மழைநீர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதை யார் முகர்ந்து பார்க்கப்போகிறார்கள்?

இப்போது அந்த நாற்றத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கானில் வெள்ளையாக ஓடியது இராமலெட்சுமியின் தண்ணீர் ஒன்றுதான். கண்ணுக்கு முதலில் தெரிந்ததும் அதுதான்.

சுடலைமுத்து வேலை விட்டு வந்து, குளித்து, பாணும் பருப்பும் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். அவன் மூட்டை தூக்கித் தூக்கிக் கூனிப்போன முதுகைச் சுவரோடு சாய்த்துக்கொண்டு கேட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வாழ்க்கையில் ஒருமுறையும் நீதிமன்ற வாசலை மிதித்தவன் அல்ல. போய்க் குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும், கூட வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள் என்றான்.

"தண்டத்தக் கட்டிட்டு வந்துருவோம் லெட்சுமி. நம்மளால அவுங்களோட முட்ட ஏலுமா?"

"தண்டத்தக் கட்டுறது லேசுங்க," என்றாள் அவள். "கட்டிட்டு வந்தா என் பேரு என்னா? கக்கூஸ் தண்ணி விட்டவ. அந்தப் பேரோட நான் அரைக்கிற மாவ எவன் வாயில வைப்பான்?"

"ஒரு சொல்லுக்காகவா அம்மா இவ்வளவு?" என்றாள் துஷாந்தினி. கடையில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி மேல்மாடியில் குடியிருக்கிறாள். விஷயம் அதற்குள் அங்கே பரவி, பகல் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் குறைந்துபோயிருந்தது.

"உனக்கு வச்ச பேர விட்டுட்டு வேற பேரு சொல்லி ஒருத்தன் கூப்பிட்டா நீ திரும்புவியா? நான் விட்டது கழனித்தண்ணி. விடலன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பேருக்கு நான் தலையாட்ட மாட்டேன்."

சுடலைமுத்து பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பிறகு பல நாட்கள் அந்த வீட்டில் தேவையான பேச்சு மட்டும்தான் நடந்தது. உப்பு எடு, கதவைச் சாத்து, மழை வருது. அவ்வளவுதான்.

வெள்ளவத்தைக்குச் செய்தி போக அதிக நாள் பிடிக்கவில்லை. ஒரு காலையில் புஷ்பராஜ் வாளிகளை இறக்காமலே திரும்பக் கொண்டுவந்தான். தயாபரன் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அவள் நம்பவில்லை. போன் எடுத்துப் பேசினாள். தயாபரன் மரியாதையாகத்தான் பேசினார், அவர் எப்போதும் மரியாதையானவர்.

"தங்கச்சி, உங்கட மாவில ஒரு குறையும் இல்லை, நான் சொல்லேல்லை. ஆனா கடைக்கு வாற சனம் கேக்குது. எந்தத் தண்ணியில கழுவினதெண்டு கேக்கினம். வழக்கு முடியட்டும், பிறகு கதைப்பம்."

அவள் போனை வைத்துவிட்டு வாளிகளைப் பார்த்தாள். மாவு பொங்கி, மேலே கட்டியிருந்த துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை கறுத்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சநேரத்தில் புளித்துப்போகும். கொட்டவேண்டும் அல்லது சுடவேண்டும். அவள் மண்ணெண்ணெய் அடுப்பை வாசலுக்கு இழுத்துவந்து, கானுக்குப் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து, தோசைக்கல்லைக் காயவைத்தாள். ஸமீமாவைக் கூப்பிட்டுத் தேங்காய் துருவச் சொன்னாள். முதல் தோசை கல்லில் விழுந்து ஓரம் சிவந்தபோது அந்த வாசனை தோட்டத்தின் மேல்கோடிவரை ஏறியது. பிள்ளைகள் தட்டோடு வந்தார்கள். பிறகு பெரியவர்கள் வந்தார்கள். தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைத்து இலையில் வைத்தாள் ஸமீமா. காசு ஒன்றும் வாங்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் இராமலெட்சுமி சுட்டுச் சுட்டுப் போட்டாள். மழை தூறத் தொடங்கியபோது யாரோ குடை பிடித்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை.

மேல்மாடிப் பல்கனியில் ஒருவர் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கஜேந்திரன், குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளர். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வீட்டை விற்ற பணத்தில் இந்த மாடிவீட்டை வாங்கியவர். அன்று பின்னேரம் அவர் குடையோடு கீழே இறங்கி வந்தார். செருப்பு நனையாமல் கல்லுக்குக் கல் தாண்டித் தாண்டி வந்தார். இராமலெட்சுமி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அக்கா, குறை நினைக்காதையுங்கோ. எங்களுக்கு உங்களோட ஒரு கோவமும் இல்லை. எங்கட பிளட்டில சின்னப்பிள்ளையள் இருக்கினம். மணத்தில யன்னல் திறக்கேலாமல் கிடக்கு. நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டா அண்டைக்கே முடிஞ்சிடும். சின்னத் தண்டத்தோட விடச்சொல்லி நானும் வந்து சொல்லுறன்."

"ஐயா, அந்த நாத்தம் என் தண்ணியில இருந்து வருதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"வேற எதில இருந்து வரும்? எங்கடது மெயின் குழாயோட தொடுத்திருக்கு. கட்டினவை பேப்பர் தந்திருக்கினம். கானுக்க வாறது வெறும் மழைத்தண்ணி."

"மழை பெய்யாத நாள்லயும் வருதுங்களே."

கஜேந்திரன் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். ஏசி தண்ணியாக இருக்கும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அவள் அதைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். அதனால்தான் இன்னும் அதிகமாக எரிந்தது. ஒரு தட்டில் தோசை வைத்துக் கொடுத்தாள். அவர் வயிறு சரியில்லை என்று சொல்லித் திரும்பிப் போனார். ஸமீமா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, "பயந்திட்டார் மனிசன், தின்ன ஆசதான் ஈந்திச்சு," என்றாள்.

வழக்கு நாளில் சுடலைமுத்து வேலைக்குப் போகவில்லை. கூடவே வந்தான். நீதிமன்றத்தில் அவர்களைப் போல எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி, நாய்க் கடி, பழுதடைந்த மீன் விற்றது, கடைக்குள் எலி. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, கூண்டில் ஏறி, குற்றவாளி என்று சொல்லி, இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நீதவான் ஒரு பெண், தலை நரைத்தவர். தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்க்க முதலியார் ஒருவர் நின்றார். காலையிலிருந்து ஒரே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அவருடைய குரல் தட்டையாகிப் போயிருந்தது.

இராமலெட்சுமியின் முறை வந்தது. பொதுக் கானில் கழிவுநீர் விட்டதாக உம்மேல் குற்றம், குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார் முதலியார். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர் என்று மகள் முதல்நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆனால் இராமலெட்சுமி இரண்டையும் சொல்லவில்லை.

"கழிவுநீர்னா என்னாங்க ஐயா?"

முதலியார் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "கழிவுநீர் தெரியாதா? கக்கூஸில, கானில ஓடுற அழுக்குத் தண்ணி."

"அப்ப அது நான் விட்டது இல்லீங்க. நான் விட்டது கழனித்தண்ணி. அரிசியும் உளுந்தும் கழுவின தண்ணி. அத விட்டேன், இல்லேன்னு சொல்லல. நீங்க அந்த அம்மாகிட்ட அந்தப் பேர மாத்திச் சொல்லுங்க."

அவள் என்ன சொல்கிறாள் என்று நீதவான் கேட்டார். முதலியார் யோசித்தார். கழனித்தண்ணிக்குச் சிங்களத்தில் ஒரு சொல் அவர் நாக்கில் வரவில்லை. கடைசியில் நீட்டி, "ஹால் ஹோதபு வதுர," அரிசி கழுவிய தண்ணீர், என்றார். அதைக் கேட்டதும் நீதவானின் முகம் கொஞ்சம் இளகியது. காலையில் எல்லா வீட்டிலும் ஓடுகிற தண்ணீர்தானே அது.

ஆனாலும் சட்டம் அவள் பக்கம் இருக்கவில்லை. பி.எச்.ஐ. எழுந்து படத்தைக் காட்டினார். நீதவான் அதைப் பார்த்துவிட்டு, பொறுமையாக, முதலியார் வழியாகச் சொன்னார்: வீட்டிலோ தொழிலிலோ பாவித்துவிட்டு வெளியே விடுகிற எந்தத் தண்ணீரானாலும் சட்டத்தில் அதற்குக் கழிவுநீர் என்றுதான் பெயர். கழிப்பறையிலிருந்து வந்தாலும் அதுதான், அரிசி கழுவினாலும் அதுதான். தேங்கினால் உன்னுடைய தண்ணீரும் நாறும், இல்லையா?

"நாறும்மா," என்றாள் இராமலெட்சுமி. "ரெண்டு நாள் தேங்குனா புளிச்சு நாறும். அத ஒத்துக்கிறேன்."

பின்வரிசையில் சுடலைமுத்து மூச்சை விட்டான். முடிந்தது என்று நினைத்தான்.

"பாவிச்ச தண்ணிக்கெல்லாம் ஒரே பேருன்னா எனக்கும் அந்தப் பேரு இருக்கட்டும். நான் மாட்டேங்கல. ஆனா மேல மாடியில இருந்து எங்க வீட்டுக்குள்ள ஏறுற தண்ணிக்கு மட்டும் மழைத்தண்ணின்னு பேரு வச்சது யாரு? அதுவும் பாவிச்ச தண்ணிதானே. எனக்கு வச்ச பேர அதுக்கும் வையுங்க. வச்சுட்டு என்னயக் கேளுங்க, நான் குற்றவாளின்னு சொல்லிட்டுப் போறேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்."

முதலியார் இதைச் சுருக்காமல் முழுவதையும் சொன்னார். தட்டையாய் இருந்த குரலில் இப்போது ஏற்ற இறக்கம் வந்திருந்தது. நீதவான் பி.எச்.ஐ.யிடம், மேலே இருந்து வருகிற தண்ணீரைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டார். புகார் இந்தப் பெண்ணைப் பற்றியது மட்டும்தான் என்றார் அவர். கான் ஒன்றா, இரண்டா என்று கேட்டார் நீதவான். ஒன்றுதான். அப்படியானால் மேலிருந்து கீழ்வரை முழுக் கானையும் பார்த்து அறிக்கை கொடுங்கள் என்று சொல்லி, வழக்கை அடுத்த தவணைக்குப் போட்டார்.

வெளியே படியில் இறங்கும்போது சுடலைமுத்து மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். ஜெம்பட்டா வீதித் திருப்பத்தில் நின்று இரண்டு பேருக்கும் பிளேன்டீ வாங்கினான். கூண்டில் நிற்கும்போது கால் நடுங்கவில்லையா என்று கேட்டான். நடுங்கியது, சேலைக்குள்ளே யாருக்குத் தெரியும் என்றாள் அவள். அன்றைக்குத்தான் அவர்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள்.

பரிசோதனை நாளில் தோட்டமே வெளியே நின்றது. முதல்நாள் மழை ஓய்ந்து நல்ல வெயில். பி.எச்.ஐ.யோடு சபையின் ஆட்கள் வந்திருந்தார்கள், சாயப்பொடிப் பொட்டலங்களோடு. மாடி வீடுகளின் கழிப்பறையில் சாயத்தைப் போட்டுத் தண்ணீரை அடித்துவிட்டால், அது எங்கே போய்ச் சேருகிறது என்று நிறம் சொல்லிவிடும் என்று விளக்கினார்கள். முதலில் தன் வீட்டிலேயே போடும்படி கஜேந்திரன் சொன்னார். தானே வாங்கிப் போட்டார். போட்டுவிட்டு, ஒன்றும் வராது என்ற நம்பிக்கையோடு கீழே வந்து, கட்டடத்துச் சுவரின் அடியில் குழாய் வாய் திறந்திருக்கிற இடத்தில் மற்றவர்களோடு நின்றார்.

கான் காய்ந்து கிடந்தது. இராமலெட்சுமி அன்றைக்கு வேண்டுமென்றே ஒரு சொட்டுத் தண்ணீரும் விடவில்லை. கழுவியதையெல்லாம் வாளிகளில் பிடித்து வீட்டுக்குள் வரிசையாக வைத்திருந்தாள்.

கொஞ்சநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்டது. முதலில் கலங்கலாகக் கொஞ்சம் வந்தது. அதன் பின்னால் பச்சை வந்தது. கிளிச்சிறகுப் பச்சை, கண்ணைக் குத்துகிற பச்சை. அது கானுக்குள் விழுந்து, ஸமீமாவின் வாசலைத் தாண்டி, பிள்ளைகள் கூடவே ஓட, சரிவில் இறங்கி, இராமலெட்சுமியின் வாசலில் வளைந்து போனது. அதோடு வேறென்னவெல்லாமோ போயின. மூக்கைப் பொத்தாதவர் இல்லை. யாரும் கை தட்டவில்லை. பி.எச்.ஐ. குனிந்து, இந்த முறையும் போனில் படம் பிடித்தார்.

"இந்தா வருது இவங்கட மழைத்தண்ணி," என்றாள் ஸமீமா. "எவ்வளவு பச்சையா ஈக்கிதெண்டு பாருங்க."

கஜேந்திரன் அசையாமல் நின்றார். ஆட்கள் கலைந்த பிறகு அவர் கீழ்க்கோடிவரை நடந்து வந்தார். இந்த முறை கல் பார்த்துக் கால் வைக்கவில்லை.

"கட்டினவங்கள் எங்களையும் ஏமாத்திப் போட்டாங்கள் அக்கா. மெயினில தொடுக்காமல் மழைக்குழாயில விட்டிருக்கிறாங்கள். எங்களுக்கும் பொய்தான் சொன்னவங்கள்."

"ஒங்களுக்குப் பொய் சொன்னாங்க, சரிங்க," என்றாள் இராமலெட்சுமி. "என் மேல பொய் சொன்னது யாரு?"

அவர் தலை குனிந்து நின்றார். இராமலெட்சுமி உள்ளே போய் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த தவணையில் கட்டடக்காரருக்கும் சங்கத்துக்கும் அழைப்பாணை போனது. இராமலெட்சுமிமேல் இருந்த பழைய குற்றச்சாட்டை எடுத்துவிட்டு, அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் உணவுத் தொழில் நடத்தியதாகப் புதிதாக ஒன்றை வாசித்தார்கள். முதலியார் அவளைப் பார்த்தார். இந்த முறை அவரே கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"குற்றவாளிங்க," என்றாள் அவள் உடனே. "அது உண்மை. அனுமதிப்பத்திரம் நான் எடுக்கல. இனி எடுக்கிறேன்."

நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிறிய தண்டம் போட்டார். கழுவுகிற தண்ணீர் தெளிந்து போக ஒரு தொட்டி கட்டவேண்டும் என்றார். அவள் சரி என்றாள். சுடலைமுத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு நாட்டாமிகளைக் கூட்டிவந்து வாசலில் குழி தோண்டி, செங்கல் வைத்து, சீமெந்து பூசினான். முதுகு வலித்தது, ஆனாலும் கரண்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

தயாபரன் நேரிலே வந்தார், பழங்கள் வாங்கிக்கொண்டு. வழக்கு முடிந்ததில் தனக்குத்தான் பெரிய சந்தோசம் என்றார். நாளையிலிருந்தே மாவு அனுப்பச் சொன்னார். அவள் பழத்தை வாங்கி வைத்தாள், தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு, கடையில் கேட்டவர்களுக்கு இத்தனை நாளும் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டாள். கொட்டாஞ்சேனை மாவை நிறுத்தியாச்சு என்று சொன்னதாக அவர் முனகினார்.

"அப்ப இனி கேக்குறவங்களுக்கு, கொட்டாஞ்சேனை இராமலெட்சுமி மாவுன்னு சொல்லுங்கண்ணே. கேக்காதவங்களுக்கும் சொல்லுங்க. அது ஏலும்னா அனுப்புறேன்."

தயாபரன் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். சொன்னபடியே சொல்கிறார் என்று துஷாந்தினி பிறகு ஒருநாள் அங்கே தோசை சாப்பிடப் போய்க் கேட்டுவந்து சொன்னாள். புடைவைக் கடையில் அவளோடு வேலை செய்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போயிருந்தாள்.

மாடிக் குடியிருப்பின் குழாயைப் பிரதான குழாயோடு தொடுக்கும் வேலை தை மாதத்தில் தொடங்கியது. வேலை முடியும்வரைக்கும் கானில் அந்தத் தண்ணீர் ஓடத்தான் செய்யும் என்றார்கள். எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்று சபை சொல்லியிருந்ததாம். ஒரு காலையில் குழாய் வேலையை எடுத்த கொந்தராத்துக்காரரின் ஆட்கள் இரும்புக் காலில் பொருத்திய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் பலகை, மூன்று மொழியிலும் கறுப்பு எழுத்து. தமிழில் 'கழிவுநீர், கிட்ட வரவேண்டாம்' என்றிருந்தது. மேலே வாகனம் திருப்ப இடைஞ்சலாக இருக்கும் என்று, அதைக் கீழே கொண்டுவந்து, இராமலெட்சுமியின் வாசலில், புதிதாகக் கட்டிய தொட்டியை ஒட்டி, மண்ணில் அடித்து நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் உள்ளே கிரைண்டரில் உளுந்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் பார்த்தாள். எழுத்தைக் கூட்டி வாசித்தாள். ஸமீமாவும் வந்து வாசித்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. இராமலெட்சுமி சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரும்புக் காலை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தாள். ஸமீமா மறுபக்கம் பிடித்தாள். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

தோளில் வைத்துக்கொண்டு இருவரும் சரிவில் ஏறினார்கள். பலகை கனமாக இருந்தது. வழியில் உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்றாள். மாடிக் குடியிருப்பின் பெரிய வாசலுக்கு முன்னால், இருபக்கமும் குரோட்டன் செடி வைத்த மண்பாத்தியில் நிறுத்தி, கல்லொன்றை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். காவலாளி ஓடிவந்து இங்கே வைக்கக்கூடாது, மேலே இருக்கிறவர்கள் ஏசுவார்கள் என்று சிங்களத்தில் கத்தினான். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தண்ணி எங்க இருந்து வருதோ போர்டும் அங்கதான் நிக்கணும்," என்றாள். "கேக்குறவங்கள என்கிட்ட வரச் சொல்லு. கடைசி வீடு."

சத்தம் கேட்டுக் கஜேந்திரன் கீழே வந்தார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காவலாளியைப் போகச் சொல்லிக் கையசைத்தார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அவர் செடிப்பாத்திக்குள் இறங்கி அதை நேராகப் பிடித்துக்கொண்டார். இரும்புக் கால் ஆழமாக இறங்கும்வரை அவள் அடித்தாள். வீதியில் போன பேருந்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நன்றாக வாசிக்கட்டும் என்று அவள் பலகையைக் கொஞ்சம் வீதிப்பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான், கிரைண்டரை நிறுத்தாமல் வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. மாவு சூடேறினால் தோசை வராது. "வாறேன்," என்று பொதுவாக எல்லோருக்கும் சொல்லிவிட்டு, சரிவில் வேகமாக இறங்கி நடந்தாள்.